அகிஹாபாராவில் விலை பாருங்கள், ஹாச்சியோஜியில் வாங்குங்கள்

ஞாயிறு: அகிஹாபாரா

பழைய வீடியோ கேம் வாங்க டோக்கியோவில் இறங்குகிறவர்கள் முதலில் ஓடுவது அகிஹாபாராவுக்குத்தான். ஓடுங்கள், ஆனால் முதல் நாள் பர்ஸைத் திறக்காதீர்கள். சரக்கு குவிந்து கிடப்பதும் இங்கேதான், சுற்றுலாப் பயணிகளைப் பார்த்து ஏறிய விலையும் இங்கேதான். இன்றைய வேலை விலை படிப்பது மட்டும்.

யமனோதே ரயிலில் வந்து ‘எலெக்ட்ரிக் டவுன்’ வாசல் வழியாக வெளியேறினால் சூவோ-தோரி என்ற பெரிய சாலை. ஞாயிறு மதியம் 1 மணியிலிருந்து மாலை வரை அதில் வண்டி விடுவதில்லை, நடுரோட்டிலேயே நடக்கலாம். காலையில் சீக்கிரம் போய் நிற்பதில் பயனில்லை. பெரும்பாலான கடைகள் 11 அல்லது 12 மணிக்குத் திறந்து இரவு 8 மணிவாக்கில் மூடுகின்றன.

சூப்பர் பொட்டேட்டோ மாடியில் இருக்கிறது. பெயர் பெற்ற கடை, விலையும் அதற்கேற்ப. எட்டு மாடி மாண்டராகே காம்ப்ளெக்ஸில் பொருளின் குறைகளை நேர்மையாக எழுதி ஒட்டுகிறார்கள். எம்எஸ்எக்ஸ், எக்ஸ்68000 போன்ற பழைய கணினிகளும் ஆர்கேட் (காசு போட்டு ஆடும் இயந்திர) போர்டுகளும் தேடுபவர்களுக்கு பீப் என்ற கடை.

விலை குறிக்கும்போது ஒவ்வொரு கேமுக்கும் மூன்று எண்களை எழுதுங்கள்: வெறும் கார்ட்ரிட்ஜ் (இயந்திரத்தில் செருகும் கேம் பெட்டி) விலை, பெட்டியும் கையேடும் சேர்ந்த விலை, கடை அதை வாங்கிக்கொள்ளும் விலை. மூன்றாவதைத்தான் பலர் பார்ப்பதில்லை. ‘கைத்தோரி’ என்ற தலைப்பில் பல கடைகள் வாசலிலேயே கொள்முதல் விலைப் பட்டியலை ஒட்டியிருக்கும். உதாரணத்துக்கு, ஒரு கேமை 4,000 யென்னுக்கு வாங்கி 6,000-க்கு விற்கிறார்கள் என்றால் அது வேகமாகக் கைமாறும் பொருள், விலை இறங்க வாய்ப்பு குறைவு. 800-க்கு வாங்கி 4,000-க்கு விற்கிறார்கள் என்றால் அலமாரியில் தூங்கும் பொருள். பொறுத்திருந்தால் வேறு கடையில் பாதி விலைக்குக் கிடைக்கலாம்.

பயணியாக வந்தவர் தன்னிடம் இருப்பதை இங்கே விற்று மாற்றிக்கொள்ள முடியுமா? நடைமுறையில் முடியாது. பழைய பொருள் வியாபாரச் சட்டப்படி விற்பவரின் அடையாளத்தையும் முகவரியையும் கடை பதிந்தாக வேண்டும். 10,000 யென்னுக்குக் கீழான பல பொருள்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, ஆனால் கேம் மென்பொருளுக்கு எவ்வளவு சின்னத் தொகையானாலும் உண்டு. ஜப்பான் முகவரி இல்லாத பாஸ்போர்ட்டைக் கடைகள் பொதுவாக ஏற்பதில்லை.

ஒட்டுச்சீட்டில் வரும் சில சொற்களைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள். ‘ஹாகோ’ பெட்டி, ‘செட்சு’ கையேடு, ‘ஹாகோ-செட்சு-த்சுகி’ இரண்டும் உண்டு. ‘கான்பின்’ என்றால் உள்ளே வந்த துண்டுச்சீட்டு வரை முழுமை. ‘தோசா காகுனின்-சுமி’ ஓட்டிப் பார்த்தது, ‘தோசா மி-காகுனின்’ ஓட்டிப் பார்க்காதது. ‘ஜங்க்கு’ என்றால் திருப்பித் தர முடியாது, எந்த உறுதியும் இல்லை. கைபேசிக் கேமராவில் மொழிபெயர்த்தாலும் இவை ஓரளவு சரியாகவே வரும்.

விலை முழுமையைப் பொறுத்தது என்பதால் எது முழுமை என்று தெரிந்திருக்க வேண்டும். 1990-இல் வந்த நிண்டெண்டோவின் கேம் இயந்திரமான சூப்பர் ஃபேமிகாம் பெட்டியில் மின் அடாப்டர் இல்லாததைக் குறை என்று நினைத்து விட்டுவிடுபவர்கள் உண்டு. அது அன்றைக்கே தனியாக விற்கப்பட்டது. ஏற்கெனவே அதற்கு முந்தைய ஃபேமிகாம் வைத்திருந்தவர்கள் அதன் அடாப்டரையே செருகிக்கொண்டார்கள்.

வரி விஷயம்: ஒரே கடையில் ஒரே நாளில் வரி நீங்கலாகக் குறைந்தது 5,000 யென்னுக்கு வாங்கினால் பயணிகளுக்கு 10 சதவீத நுகர்வு வரி கிடையாது. பாஸ்போர்ட் அசல் வேண்டும், நகல் செல்லாது. 2026 நவம்பர் 1 முதல் முறை மாறுகிறது: முதலில் வரியோடு கட்டி, நாட்டை விட்டுப் போகும்போது சுங்கத்தில் பொருளைக் காட்டித் திரும்பப் பெற வேண்டும். பெரிய கடைகளில் பேரம் பேசுவது வழக்கமில்லை, முயலவும் வேண்டாம்.

திங்கள்: நாகானோ

ஷின்ஜுகுவிலிருந்து சூவோ ரயிலில் சில நிமிடம். நிலையத்தின் வடக்கு வாசலில் சன் மால் என்ற கூரை போட்ட கடைத்தெரு, அது முடியும் இடத்தில் 1966-இல் கட்டிய நாகானோ பிராட்வே. மாண்டராகே இதற்குள் வகைக்கு ஒன்றாகப் பல சிறு கடைகள் வைத்திருக்கிறது. புதன்கிழமை பல சில்லறைக் கடைகள் மூடியிருக்கும், அந்த நாளைத் தவிர்க்கலாம்.

பெட்டியோடு சேர்ந்த நல்ல பிரதிகளை வாங்குவதென்றால் இங்கே வாங்குங்கள். பொருளைத் தெளிவான உறையில் போட்டு உறையின் மேல்தான் விலைச்சீட்டை ஒட்டுகிறார்கள், அட்டையில் பசை படாது. கண்ணாடிக்குள் இருப்பதை எடுத்துக் காட்டச் சொன்னால் காட்டுவார்கள். பெட்டியின் மடிப்பு நாக்குகள் கிழிந்திருக்கிறதா, வெயில் பட்ட பக்கம் மட்டும் வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள். முகப்பு பளிச்சென்று இருந்து முதுகுப் பக்கம் வெளுத்த பெட்டி நிறைய உண்டு. அலமாரியில் முதுகு தெரிய வைத்திருந்ததால் வந்த வெளுப்பு அது.

எந்தக் கேமை வாங்குவது என்பதற்கு முன் அது ஊரில் ஓடுமா என்று பார்க்க வேண்டும். கேம்பாய், கேம்பாய் அட்வான்ஸ் கார்ட்ரிட்ஜ்களுக்கு நாட்டுப் பூட்டு (வேறு நாட்டு இயந்திரத்தில் ஓடவிடாத தடை) இல்லை. நிண்டெண்டோ ஸ்விட்ச்சுக்கும் இல்லை. 3டிஎஸ், சாட்டர்ன், முதல் பிளேஸ்டேஷன் மூன்றுக்கும் உண்டு. ஜப்பான் சூப்பர் ஃபேமிகாம் கார்ட்ரிட்ஜ் ஐரோப்பிய வடிவ இயந்திரத்தில் கச்சிதமாக நுழையும், ஆனால் உள்ளே இருக்கும் பூட்டுச் சில்லு ஓடவிடாது. ஃபேமிகாம் கார்ட்ரிட்ஜில் 60 பின்கள், அதன் அமெரிக்க வடிவமான என்இஎஸ்ஸில் 72. தமிழ்நாட்டில் 1990-களில் ‘டிவி கேம்’ என்று விற்ற நகல் பெட்டிகள் பெரும்பாலும் 60 பின் வகைதான், பரணில் ஒன்று கிடந்தால் அசல் ஃபேமிகாம் கார்ட்ரிட்ஜைச் செருகிப் பார்க்கலாம். அந்த நகல்களில் பல 50 ஹெர்ட்ஸ் பிஏஎல் என்ற டிவி முறைக் கணக்கில் ஓடுபவை, அதனால் சில கேம்கள் மெதுவாகவோ படம் சிதறியோ வரும். அது கார்ட்ரிட்ஜின் குற்றமல்ல.

ஜப்பானிய மொழி படிக்கத் தெரியாதவர் கதை சார்ந்த ஆர்பிஜி-க்களை (பாத்திரமேற்று ஆடும் கேம்களை) மலிவென்று அள்ள வேண்டாம். அவை மலிவாக இருப்பதற்குக் காரணம் லட்சக்கணக்கில் அச்சானது ஒன்று, வெளிநாட்டுக்காரர் படிக்க முடியாதது இன்னொன்று. சுடும் விளையாட்டு, கார்ப் பந்தயம், புதிர், சண்டை என்றால் மொழி தேவையில்லை.

செவ்வாய்: ஹாச்சியோஜி

இந்த வாரத்தின் முக்கியமான நாள். ஹார்ட் ஆஃப் என்ற சங்கிலிக் கடையின் பெரிய கிளை ஹாச்சியோஜியின் ஓவாடாவில் இருக்கிறது. டோக்கியோவின் மேற்கு விளிம்பு, ரயில் ஏறி வர வேண்டும். வருகிற வெளிநாட்டுக்காரர் குறைவு, விலையும் உள்ளூர்க்காரர் விலை. இங்கே ஜங்க்கு பகுதியில் கூடை கூடையாகக் கிடக்கும்: 110, 330, 550 யென் ஒட்டிய கட்டுப்பான்கள் (கன்ட்ரோலர்கள்), கேபிள் இல்லாத இயந்திரங்கள், பெயர் அழிந்த கார்ட்ரிட்ஜ்கள்.

ஜங்க்கு என்று எழுதியதெல்லாம் பழுது இல்லை. கேபிள் இல்லாததால் ஓட்டிப் பார்க்க முடியாமல் போனதும் அதில் உண்டு, மஞ்சளடித்ததும் உண்டு. மஞ்சளாவது ஏபிஎஸ் பிளாஸ்டிக்கும் அதில் தீப்பிடிக்காமலிருக்கச் சேர்த்த புரோமின் கலவையும் செய்யும் வேலை. இயந்திரத்தின் ஓட்டத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. சூப்பர் ஃபேமிகாமில் மேல் மூடி மஞ்சளாகவும் அடிப்பாகம் சாம்பலாகவும் இருப்பது சர்வசாதாரணம். ஓட்டத்தான் வேண்டுமென்றால் மஞ்சள் இயந்திரத்தை எடுங்கள், விலை இறங்கியிருக்கும்.

கையில் எடுத்ததும் செய்ய வேண்டியவை. மெதுவாக ஆட்டிப் பாருங்கள், உள்ளே திருகு உருளும் சத்தம் கேட்டால் யாரோ திறந்து மூடியிருக்கிறார்கள். காற்றுத் துளையில் மூக்கை வையுங்கள். மீன் கவிச்சி போல வீசினால் மின்தேக்கி (கெபாசிட்டர்) கசிந்திருக்கிறது. கேம் கியர், பிசி எஞ்சின் டுயோ என்ற இயந்திரங்கள் இதற்குப் பேர்போனவை. கேம் கியரில் ஒலி தேய்ந்து திரை மங்கும், மின்தேக்கிகளை மொத்தமாக மாற்றாமல் சரியாகாது. பற்றவைப்புக் கம்பி (சால்டரிங் அயர்ன்) பிடிக்கத் தெரியாதவர் இவற்றைத் தொடாமலிருப்பது நல்லது. அடுத்து பேட்டரி அறை. வெள்ளை, பச்சைப் பொடி லேசாக இருந்தால் வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து எடுக்கலாம். ஸ்பிரிங் தகடே அரித்து உதிர்ந்திருந்தால் உள்போர்டு வரை போயிருக்கும்.

முதல் கேம்பாயில் திரையில் மேலிருந்து கீழாகச் சில கோடுகள் காணாமல் போயிருக்கும். ஜங்க்கு விலைக்குக் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். திரைக்குக் கீழே கண்ணாடியோடு ஒட்டிய பட்டைக் கேபிளின் ஒட்டு தளர்வதால் வரும் கோளாறு அது. ரப்பர் பட்டையை நீக்கிவிட்டு, மிதமான சூட்டில் பற்றவைப்புக் கம்பியை அந்த ஒட்டின் மேல் மெதுவாக இழுத்தால் பெரும்பாலும் கோடு திரும்பிவிடும். அழுத்தினால் கண்ணாடி விரிசல் விடும். கோடு இடமிருந்து வலமாகப் போயிருந்தால் விட்டுவிடுங்கள், அந்தப் பக்கத்து ஒட்டு எளிதில் கைக்கு அகப்படாது.

ஃபேமிகாமில் (1983) கட்டுப்பான்கள் உடலோடு சேர்ந்தவை. கம்பி உடலுக்குள் நுழையும் இடத்தை வளைத்துப் பாருங்கள், முதலில் அறுவது அங்கேதான். உள்ளே அது செருகியில்தான் மாட்டியிருக்கிறது, சாதாரண நட்சத்திரத் திருப்புளியால் திறந்து வேறொன்றை மாட்டலாம். இரண்டாவது கட்டுப்பானில் மைக் இருக்க வேண்டும். பொத்தான்கள் சதுர ரப்பராக இருந்தால் அது ஆரம்பக் காலத் தயாரிப்பு. அழுத்தினால் சிக்கிக்கொள்ளும் என்பதால்தான் பிறகு வட்டமாக மாற்றினார்கள். விளையாட வட்டம், சேகரிக்கச் சதுரம்.

ஃபேமிகாமோடு இணைக்கும் வட்டுக் கருவியான டிஸ்க் சிஸ்டம் (1986) மலிவாகக் கிடந்தால் காரணம் பெல்ட்தான். ரப்பர் உருகித் தாராக ஒட்டியிருக்கும். திரையில் 20-களில் பிழை எண் வந்தால் பெரும்பாலும் இந்தக் கதை. பெல்ட் மாற்றுவது அரை மணி வேலை, ஆனால் மாற்றிய பிறகு சுழல் அச்சின் கோணத்தைச் சரிபார்க்காவிட்டால் படிக்காது. புதிதாகத் தொடங்குபவருக்கு நான் இதைச் சொல்லமாட்டேன்.

சில கிளைகளில் வாடிக்கையாளரே ஓட்டிப் பார்க்க மின் இணைப்பும் டிவியும் உள்ள மேசை உண்டு. பணம் கட்டுவதற்கு முன் கேளுங்கள். கையில் ஒரு நிண்டெண்டோ ஏவி (படமும் ஒலியும் கடத்தும்) கேபிள் இருந்தால் 1993-இன் நியூ ஃபேமிகாம், சூப்பர் ஃபேமிகாம், நிண்டெண்டோ 64, கேம்கியூப் நான்குக்கும் அதுவே போதும்.

புதன்: அறைக்குள்

வாங்கியதை ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். 100 வோல்ட் சுவரில் இருக்கும்போதே, கடை எட்டும் தூரத்தில் இருக்கும்போதே ஓட்டிப் பார்க்க வேண்டும். விடுதி டிவியில் பழைய ஏவி துளை அநேகமாக இருக்காது. யுஎஸ்பி-யில் ஓடும் ஏவி-எச்டிஎம்ஐ மாற்றி ஒன்றைக் கொண்டு போங்கள்.

கார்ட்ரிட்ஜ் சுத்தம் செய்ய மருந்துக்கடையில் ‘முசுயி எதானோரு’ என்று கேட்டால் நீரற்ற எத்தனால் தருவார்கள். பஞ்சுக்குச்சி 100 யென் கடையில். குச்சியை நனைத்து, சொட்டாதபடி ஒற்றி, பின்கள் நீளும் திசையிலேயே துடையுங்கள், குறுக்கே வேண்டாம். கறுப்பு வருவது நிற்கும் வரை குச்சி மாற்றுங்கள். பத்து நிமிடம் காய விடுங்கள். இன்னும் கருமை ஒட்டியிருந்தால் வெள்ளை அழிப்பானால் லேசாக. மணல் தாள் தங்க முலாமைச் சுரண்டிவிடும். வாயால் ஊதுவது அன்று எல்லோரும் செய்ததுதான், ஆனால் எச்சில் ஈரம் பின்னை அரிக்கும். மிஞ்சிய எத்தனாலை விமானத்தில் எடுத்துப் போகக் கூடாது.

சூப்பர் ஃபேமிகாம், கேம்பாய் கார்ட்ரிட்ஜைத் திறக்க 3.8 மில்லிமீட்டர் சிறப்புத் திருப்புளி முனை வேண்டும். சூப்பர் ஃபேமிகாம், நிண்டெண்டோ 64 உடலுக்கு 4.5. அகிஹாபாரா ரயில் பாதைக்கு அடியில் உள்ள ரேடியோ சென்டரிலும் பக்கத்து உதிரிபாகக் கடைகளிலும் கிடைக்கும். திறந்ததும் பேட்டரியை மல்டிமீட்டரில் பாருங்கள்: புதிதில் 3 வோல்ட்டுக்கு மேல், 2.7-க்குக் கீழே இறங்கியிருந்தால் சேமித்த ஆட்டம் எந்த நாளும் போகலாம். சூப்பர் ஃபேமிகாமில் வழக்கமாக சிஆர்2032. தகட்டுக் காது வைத்துப் பற்றவைத்த வகையையே வாங்குங்கள். வெறும் பேட்டரியின் மேல் நேரடியாக ஈயம் வைத்தால் சூட்டில் வெடிக்கக்கூடும். மாற்றும் வேலை ஊரில். விடுதி அறையில் ஈயப் புகை எழுப்பினால் தீயெச்சரிக்கை மணி அடிக்கும்.

இப்போது மின்சாரம். ஜப்பான் 100 வோல்ட், இந்தியாவும் இலங்கையும் 230. முனை மாற்றியை மட்டும் போட்டுச் செருகினால் அடாப்டர் கருகும். ஃபேமிகாமுக்கும் சூப்பர் ஃபேமிகாமுக்கும் அசல் அடாப்டர் 10 வோல்ட், 850 மில்லிஆம்பியர், நடுமுனை மைனஸ். ஊரில் 9 வோல்ட், 1 ஆம்பியருக்குக் குறையாத அடாப்டர் போதும். ஆனால் இன்று கடையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை நடுமுனை பிளஸ், வட்டம் போட்ட படத்தைப் பார்த்து வாங்குங்கள். முதல் மெகா டிரைவும் நடுமுனை மைனஸ்தான், மெகா டிரைவ் 2 அப்படியல்ல. சாட்டர்ன், முதல் பிளேஸ்டேஷன், ட்ரீம்காஸ்ட் மூன்றுக்கும் மின்வழங்கி உடலுக்குள்ளேயே இருக்கிறது. அவற்றுக்கு 230-ஐ 100 ஆகக் குறைக்கும் மின்மாற்றி வேண்டும், 100 வாட் தாராளம்.

படம்: முதல் ஃபேமிகாம் ஆன்டெனா வழியாக ஜப்பானின் 1, 2-ஆம் சேனலில்தான் படம் அனுப்பும், அதாவது 90 முதல் 102 மெகாஹெர்ட்ஸ். நம் டிவிகள் அங்கே தேடுவதில்லை. ஒலிக்கும் படத்துக்கும் உள்ள இடைவெளியும் வேறு: அங்கே 4.5, இந்தியாவில் 5.5 மெகாஹெர்ட்ஸ். எனவே ஊரில் விளையாட வாங்குபவர் ஏவி வசதி செய்த ஃபேமிகாமோ நியூ ஃபேமிகாமோ எடுக்க வேண்டும். முதல் பிசி எஞ்சினும் (1987) இதே கதை. 1989-இன் கோர்கிராஃபிக்ஸ் எடுத்தால் ஏவி உண்டு.

வியாழன்: ஒசாகா

டோக்காய்டோ ஷின்கான்செனில் நீளம், அகலம், உயரம் கூட்டினால் 160 சென்டிமீட்டர் தாண்டும் பெட்டிக்குத் தனி இருக்கை முன்பதிவு வேண்டும், இல்லாவிட்டால் 1,000 யென் கட்டணம். இயந்திரங்கள் சேர்ந்துவிட்டால் யமாதோ கூரியரில் ஒசாகா விடுதிக்கு அனுப்பிவிடலாம். 100 அளவுப் பெட்டி என்றால் மூன்று பக்கமும் கூட்டி 100 சென்டிமீட்டர், 10 கிலோ வரை.

நிப்பொன்பாஷியின் டென் டென் டவுன், நாம்பாவிலிருந்து நடந்தே போகலாம். அகிஹாபாராவைவிடச் சின்னது, கடைகள் நெருக்கமாக இருப்பதால் ஒரு மதியத்தில் முடிந்துவிடும். டோக்கியோவில் எழுதிய மூன்று எண்களை இங்கே எடுத்துப் பாருங்கள்.

வட்டுகளைக் கடை விளக்கின் எதிரே பிடியுங்கள். பொடிப் பொடியாக ஒளி தெரிந்தால் மேல்பூச்சு போயிருக்கிறது, தேய்த்துச் சரிசெய்ய முடியாது. கீழ்ப்பக்கக் கீறல் பரவாயில்லை. அதிலும் வட்டமாகச் சுற்றும் கீறலைவிட நடுவிலிருந்து வெளியே ஓடும் கீறல் ஆபத்து குறைவு.

கேம்பாய் அட்வான்ஸில் போலிகள் உலகம் முழுக்கச் சுற்றுகின்றன, அதிலும் போக்கிமான். பெரிய கடைகளில் பயம் குறைவு, தெருச் சந்தையிலும் தனியார் விற்பனையிலும் கவனம் வேண்டும். அசலின் மேல் ஒட்டிய பெயர்த்தாளில், சாய்த்துப் பிடித்தால் தெரியும்படி இரண்டு இலக்க எண் அழுந்தியிருக்கும். பின்களுக்கு மேலே போர்டில் நிண்டெண்டோ பெயர் அச்சாகியிருக்கும். திறந்தால் கறுப்புப் பிசின் சொட்டு மட்டும் இருந்து முறையான சில்லு இல்லையென்றால் போலி.

வெள்ளி: உஜி

வாங்குவதற்கு ஒன்றுமில்லாத நாள். நிண்டெண்டோவின் பழைய உஜி ஓகுரா ஆலை 2024 அக்டோபர் 2 முதல் அருங்காட்சியகம். கிந்தெத்சு ரயிலில் ஓகுரா நிலையம். பெரியவர்களுக்கு 3,300 யென், முன்கூட்டியே இணையத்தில், பெரும்பாலும் குலுக்கல் மூலம், பதிந்தால்தான் டிக்கெட், செவ்வாய் விடுமுறை. காட்சி மாடியில் படமெடுக்க அனுமதி இல்லை. சேகரிப்பவர்களுக்கு ஒரு பயன்: ஒவ்வொரு இயந்திரத்தின் அசல் பெட்டியும் துணைக்கருவியும் பழுதில்லாத நிறத்தில் வரிசையாக இருக்கின்றன. மஞ்சளடிக்காத சூப்பர் ஃபேமிகாம் எந்தச் சாம்பல் நிறம் என்று கண்ணில் பதியும்.

சனி: மூட்டை கட்டுதல்

பெட்டியுள்ள கேம்களை 100 யென் கடையின் தெளிவான உறையில் போட்டுக் கைப்பையில் வையுங்கள், அட்டை நசுங்கினால் மதிப்பில் பாதி போகும். வெறும் கார்ட்ரிட்ஜ்கள் துணிகளுக்கு நடுவே போகலாம். இயந்திரத்தின் கார்ட்ரிட்ஜ் வாயில் துணியோ தாளோ திணித்து மூடிக்கொள்ளுங்கள். விமான நிலைய எக்ஸ்ரேயால் ராம் சில்லுக்கோ ரோமுக்கோ கேடில்லை. பிஎஸ்பி, டிஎஸ் தனி பேட்டரிகள் கைப்பையில்தான் போக வேண்டும், உப்பியவற்றை ஜப்பானிலேயே விட்டுவிடுங்கள். திருப்புளிகள் பெரிய பெட்டியில்.

100 வோல்ட் அடாப்டர்களில் இரும்புக் கனம் அதிகம். பெட்டியோடு சேர்ந்த முழுத் தொகுதிக்குரியது தவிர மற்றவற்றைச் சுமக்கத் தேவையில்லை.

ரசீதுகளைத் தேதிவாரியாக ஒரே உறையில் வையுங்கள். ஊர்ச் சுங்கத்தில் பழையது என்று வாயால் சொல்வதைவிட 550 யென் அச்சிட்ட ரசீது வேகமாகப் பேசும். ஒரே கேமின் பல பிரதிகள் இருந்தால் வியாபாரச் சரக்கு என்று கேட்பார்கள், அதற்குப் பயணிகளுக்கான வரியில்லா வரம்பு உதவாது.

சென்னை, யாழ்ப்பாணம் போன்ற கடற்கரை ஊர்களுக்குக் கொண்டுபோகிறவர்கள் கார்ட்ரிட்ஜ்களை மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஜெல்லின் நிறம் மாறியதும் வறுத்து உலர்த்தித் திரும்பப் போடலாம். அட்டைப் பெட்டிகளை வெயில் விழாத சுவர்ப் பக்கம் வைத்தால் முதுகு வெளுக்காது.